பின்னால் மட்டும் போகும் டாங்க்

கோடை வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காயில் கடைகளுக்கு ஓய்வே கிடையாது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஓடிக் கருகிய தோட்டத்து மோட்டார்கள் டிராக்டரிலும் டி.வி.எஸ் 50-யிலும் வந்து இறங்கும். வாழை காய்கிறது, திராட்சை காய்கிறது என்று விவசாயிகள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

சின்னமனூரில் அப்படி ஒரு கடை வைத்திருக்கிறார் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கருகிய செம்புக் கம்பியை உருவிப்போட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்துக் கொடுப்பது தொழில். தெருவில் அவர் பெயர் 'காயில்கார அண்ணன்'. ராத்திரி கடை அடைத்து வீட்டுக்குப் போன பிறகும் அவர் கையில் மோட்டார்தான் இருக்கும். ஆனால், அது பெருவிரல் அளவு மோட்டார். ஒன்றரை வோல்ட் பேட்டரியில் சுற்றுவது.

பழைய மோட்டார் பொம்மைக் கிட்டுகளைச் சேர்ப்பது அவருடைய பழக்கம். பொம்மையாக வாங்கி ஓட்டுவது அல்ல. பெட்டிக்குள் உதிரி உதிரியாக வரும். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்து, ஒட்டி, பல்சக்கரம் கோத்து, மோட்டார் மாட்டி, நாமே ஓடவைக்க வேண்டும். டாங்க், ஜீப், படகு, கார் என்று 1960-களிலிருந்து 1980-கள் வரை வந்த கிட்டுகள் நாற்பத்திரண்டு அவர் வீட்டு பீரோவில் இருந்தன. இப்போது நாற்பத்தொன்று. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதுதான் இந்தக் கதை.

இரண்டு பேட்டரி தீர்மானித்த அளவு

இந்தக் கிட்டுகளுக்குத் தலைநகரம் என்றால் ஜப்பானின் ஷிஸுவோகா நகரம்தான். அங்கே 1946-ல் மரம் அறுக்கும் தொழிலோடு தொடங்கிய கம்பெனி டமியா. கைவசம் மரம் இருந்ததால் மரத்திலேயே மாடல் கப்பல், விமானம் செய்து விற்றார்கள். பிறகு உலகம் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1960-ல் இவர்கள் விட்ட முதல் பிளாஸ்டிக் கிட், யமாட்டோ போர்க்கப்பல். அது கைகொடுக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு டாங்க் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானிய 'பான்தர்' டாங்க். உள்ளே மோட்டார் வைத்து, தரையில் நிஜமாகவே ஊர்ந்து போகும்படி செய்தார்கள். பெட்டியின் மேல் படத்தை வரைந்தவர் ஷிகேரு கோமட்சுஸாகி என்ற புகழ்பெற்ற ஓவியர். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். கம்பெனி நிமிர்ந்தது.

இன்றைக்கு உலகம் முழுக்க ராணுவ மாடல் செய்பவர்கள் '1/35' என்ற அளவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜ டாங்க்கை 35 மடங்கு சுருக்கினால் வரும் அளவு அது. 35 என்பது ஒரு விநோதமான எண்ணாகத் தெரியும். அந்தக் கம்பெனியைப் பிற்காலத்தில் நடத்திய ஷுன்சாகு டமியாவே காரணத்தை எழுதியிருக்கிறார். உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக அந்த உடம்பை அந்த அளவில் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் 35-ல் ஒரு பங்கு வந்தது. அவ்வளவுதான். 2025-ல் தொண்ணூறு வயதில் அவர் காலமானார். இரண்டு பேட்டரிக்காக வைத்த அளவு இன்னும் நிற்கிறது.

டாங்க் ஓட மோட்டார் வேண்டுமே. ஜப்பானில் கெனிச்சி மபுச்சி என்பவர் 1947-ல் குதிரை லாட வடிவக் காந்தம் வைத்த சின்ன மோட்டார் ஒன்றைச் செய்தார். 1954-ல் கம்பெனியாக வளர்ந்த அந்த மோட்டார்கள் உலகத்துப் பொம்மைகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தன. பெருவிரல் அளவு மோட்டார், ஒன்றரை வோல்ட்டில் சும்மா சுற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 9,000 சுற்று. தோட்டத்து மோட்டார் 3,000 சுற்றைத் தொடாது. காயில்கார அண்ணன் இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாகிவிடும்.

திருவிழாக் கப்பலும் டேப் ரெக்கார்டரும்

அவர் பையனாக இருந்த எழுபது, எண்பதுகளில் தேனிப் பக்கம் இந்த மாதிரி கிட்டைக் கடையில் வாங்க முடியாது. வெளிநாட்டுப் பொம்மைகளை விருப்பம்போல் இறக்குமதி செய்ய நாட்டில் அனுமதியில்லாத காலம். அந்தக் கட்டுப்பாடுகளில் மிச்சம் இருந்தவை 2001 ஏப்ரலில்தான் போயின. நம் ஊரில் செய்த 'மெக்கானிக்ஸ்' செட் பெரிய ஊர்களில் கிடைத்தது. ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, நட்டு, போல்ட்டு, குட்டி ஸ்பேனர். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கிய மெக்கானோவின் வழியில் வந்தது அது. அதுகூட வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான்.

மற்றவர்களுக்கு வீரபாண்டி கெளமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா. ராட்டினத்தையும் பொரிகடலையையும் தாண்டிப் போனால் தகரக் கப்பல் விற்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் விட்டு, உள்ளே சின்னத் திரியைக் கொளுத்தினால் 'டுபுடுபு'வென்று சத்தம் போட்டபடி ஓடும். கப்பலுக்குள் ஒரு தகரக் கூடு. அதிலிருந்து இரண்டு குழாய் தண்ணீருக்குள் போகும். கூட்டில் உள்ள தண்ணீர் கொதித்து, நீராவி குழாயில் உள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளும். உடனே குளிர்ந்து மறுபடி தண்ணீரை இழுக்கும். அந்தத் தள்ளலில்தான் கப்பல் நகர்கிறது. பள்ளத்தாக்குப் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்த்த முதல் இன்ஜின் அதுதான்.

இரண்டாவது, டேப் ரெக்கார்டர் மோட்டார். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிப்போன இளையராஜா 1976-ல் சினிமாவுக்கு இசையமைக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை டேப் ரெக்கார்டர் பாடியது. பாடிப் பாடித் தேய்ந்தவை ரிப்பேர் கடைக்கு வந்தன. ரிப்பேர் கடையில் தூக்கிப்போட்ட மோட்டார்கள் பையன்களின் கால்சட்டைப் பைக்கு வந்தன. தீப்பெட்டி, ரப்பர் செருப்புத் துண்டு, பேனா மூடி ஆகியவற்றோடு அந்த மோட்டாரைச் சேர்த்தால் படகு, காற்றாடி, கார். ஜூனில் முல்லைப்பெரியாறு தண்ணீர் வாய்க்காலுக்குத் திறந்துவிட்டதும் படகுகளைக் கொண்டுபோய் விடுவார்கள். பாதி மூழ்கும். மீதி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அண்ணன் கொண்டுவந்த பெட்டி

காயில்காரருக்கு எட்டு வயது மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. 1985-ல் சிங்கப்பூருக்குக் கப்பல்பட்டறை வேலைக்குப் போனவர். 1987-ல் முதல் லீவில் வந்தபோது அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு டார்ச் லைட், தம்பிக்கு ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். மேலே புழுதி பறக்க ஓடும் டாங்க் படம். திறந்தால் பச்சை நிறத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஆனால், எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று படமாகவே போட்டிருந்தது. அதனால் மொழி ஒரு தடையாக இல்லை.

தடை வேறு. பெட்டிக்குள் மோட்டார் இல்லை. அந்தக் காலத்தில் பல கிட்டுகளுக்கு மோட்டாரைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

பதினான்கு வயதுத் தம்பி அசரவில்லை. டேப் ரெக்கார்டர் மோட்டார் ஒன்றை எடுத்தான். கிட்டில் இருந்த குட்டிப் பல்சக்கரம் அதன் தண்டில் அழகாகப் பொருந்தியது. ஆனால், மோட்டார் தடி. டாங்க்குக்குள் அடங்கவில்லை. அண்ணன் ஹாக்ஸா பிளேடை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, டாங்க்கின் மேல்தட்டில் வட்டமாக ஓட்டை போட்டார். அரத்தால் ஓரம் தேய்த்தார். பெட்டிக்கடை குயிக்ஃபிக்ஸால் துண்டுகளை ஒட்டினார்கள். நான்கு பேட்டரியைச் செய்தித்தாளில் சுருட்டிக் கட்டி, ஒயர் இழுத்து, தரையில் விட்டார்கள்.

டாங்க் ஓடியது. பின்பக்கமாக ஓடியது.

ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் திசை மாறும் என்று பையனுக்குத் தெரியும். மாற்றினான். ஓடவே இல்லை. டேப் ரெக்கார்டர் மோட்டாருக்குள் வேகத்தைச் சீராக வைக்க ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். பாட்டு இழுபடாமலும் கீச்சிடாமலும் வருவதற்கு அதுதான் காரணம். அது ஒரு திசையில்தான் வேலை செய்யும். வேகமும் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் போகாது. ஆகவே, ஜப்பானில் வடிவமைத்த அந்த டாங்க் சின்னமனூர்த் தெருவில் நத்தை வேகத்தில் பின்வாங்கிக்கொண்டே இருந்தது. "சண்டைன்னதும் பயந்து ஓடுது பாருடா" என்று தெருப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். லீவு முடிந்து போய்விட்டார்.

சேர்க்கத் தொடங்கிய தம்பி

கடை நிலைத்து, கையில் கொஞ்சம் காசு தங்கத் தொடங்கிய பிறகு தம்பி முதல் பழைய கிட்டை வாங்கினார். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் கொண்டுவந்தார். பிறகு ஒன்று, இன்னொன்று. 1982-ல் வந்த, பசையே தேவைப்படாத நான்கு சக்கர மினி கார்களும் சேர்ந்தன. ஒரே மோட்டார், நடுவில் ஒரு நீளத் தண்டு வழியாக முன், பின் சக்கரங்களைச் சேர்த்து ஓட்டும் அந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்து மகிழ்வார்.

ஆளோடு வந்தால்தான் லாபம். பார்சலில் வந்தால் வரி. பொம்மை இறக்குமதிக்கு 20 சதவிகிதமாக இருந்த சுங்கவரி 2020-ல் 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. சின்ன அளவு மாடல்களும் அதே கணக்கில்தான் வரும். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லது. பழைய பொருள் சேர்ப்பவருக்கு வயிற்றெரிச்சல்.

பழைய கிட்டை வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை அதிகம். ஆனால், பிரிக்காத பெட்டிக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டயரும் டாங்க் சங்கிலியும் ரப்பர் போன்ற மிருதுவான பொருளில் செய்தவை. மிருதுவாக இருக்க அதில் ஓர் எண்ணெய்ப் பசை கலந்திருப்பார்கள். பல வருடம் கடினமான பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பசை கசிந்து பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். நாற்பது வருடம் தொடாமல் வைத்த பெட்டியைத் திறந்தால், சக்கரம் பாகாக இளகிக் குழிந்திருக்கலாம். ஸ்டிக்கர் மஞ்சளாகியிருக்கலாம். கியருக்கு வைத்த கிரீஸ் மெழுகாகியிருக்கலாம். திறந்து பார்த்தால் தெரியும். திறந்தால் விலை போய்விடும். அதனால் திறக்க மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் தெரியாததைத்தான் விலைபேசுகிறார்கள்.

காயில்காரரிடம் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அண்ணன் 1987-ல் கொண்டுவந்தாரே, அதே டாங்க். பிரிக்காதது. 2014-ல் 9,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். மனைவியிடம் பாதி விலைதான் சொன்னார். கரையான் ஏறாமல் வசம்பு போட்டு, மழைக்காலத்தில் ஈரம் தாக்காமல் துணி சுற்றி, பீரோவின் நடுத்தட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். பழைய, ஓட்டை போட்ட டாங்க் பரணில் அரிசிச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது.

பெட்டிக்கு விலை வந்தபோது

போன வருடம் பெங்களூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் அந்தப் பெட்டியைக் கேட்டார். 28,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். சரியாக அந்த வாரத்தில்தான் மகளுக்கு பாலிடெக்னிக் கட்டணமும் ஹாஸ்டல் பணமும் கட்ட வேண்டியிருந்தது. எலெக்ட்ரிக்கல் படிக்கப்போகிற மகள். கழுத்துச் சங்கிலி ஏற்கெனவே அடகில்.

"ஏங்க, அந்தப் பெட்டி நமக்கு என்னத்துக்கு? தொறக்கவும் மாட்டீங்க, ஓட்டவும் மாட்டீங்க" என்றார் மனைவி.

"அது அண்ணன் ஞாபகமா வச்சிருக்கேன்" என்றார் இவர்.

அண்ணன் வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அடுத்த தெருவில்தான் வீடு. சர்க்கரை நோயில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. சாயந்திரம் காயில் கடைக்கு வந்து உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். விஷயம் அவர் காதுக்குப் போனது. பேப்பரை மடித்துவைத்தார்.

"வித்துருடா தம்பி."

"ஒங்க ஞாபகம்ணே அது."

"என்ன ஞாபகம்? அந்தப் பெட்டியப் பாக்கறப்பெல்லாம் எனக்கு ஒருமாதியா இருக்குடா. அரை வெலைக்குப் போட்டிருந்தான்னு ஆசப்பட்டு வாங்கிட்டேன். மோட்டார் தனியா வாங்கணும்னு தெரியல. தம்பிக்கு முதமுதல்ல வாங்கிட்டு வந்தது, அதுவும் மோட்டார் இல்லாம. நீ ஒவ்வொரு பெட்டியா வாங்கி அடுக்கறப்ப, 'இப்படித்தான்ணே வாங்கணும்'னு எனக்குச் சொல்லிக்காட்டற மாதியே இருக்கும்."

கடையில் அப்போது ஒரு மோட்டார் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தம்பிக்கு அது பெருமை. பத்து வருடத்துக்கு மேல் துணி சுற்றிப் பாதுகாத்தது, அண்ணன் கொடுத்த சந்தோஷத்தைத்தான் என்று நம்பியிருந்தார். அண்ணனுக்கோ அது ஒவ்வொரு பண்டிகைக்கும் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண்ணில் படும் குற்றச்சாட்டு. ஒரே பெட்டி. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பெட்டி பெங்களூருக்குப் போனது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய டாங்க் இறங்கியது. பேட்டரி கழற்றிவைத்திருந்ததால் அமிலக் கசிவு இல்லை. ஆனால், சங்கிலிகள் காய்ந்து நொறுங்கியிருந்தன. சக்கரத்தில் இரண்டு, அது பட்ட இடத்தில் இளகிப்போயிருந்தன. கியரில் கிரீஸ் இறுகியிருந்தது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதுமானதாக இருந்தன. சங்கிலிக்குப் பதில் சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி மாட்டினார். ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தார்.

மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். "அப்பா, பீரோவுலதான் சரியான மோட்டார் இருக்கே. அதை மாட்டுனா முன்னாடி போகுமே" என்றாள். அல்லது டேப் மோட்டாரைப் பிரித்து, உள்ளே இருக்கும் சர்க்யூட்டைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் சுற்றும். அவருக்கு அது பத்து நிமிட வேலை.

செய்யவில்லை. மேல்தட்டில் ஹாக்ஸா பிளேடு உருக்கிய வட்டத்தையும், அதன் ஓரத்தில் அண்ணன் அரத்தால் தேய்த்த கோடுகளையும் அப்படியே விட்டார். ஓர் இடத்தில் பிளேடு வழுக்கி நீளமாக ஒரு கீறல். "அது நீ ஆட்டினதுடா" என்றார் அண்ணன். "இல்லண்ணே, நீங்க கை சுட்டுக்கிட்டு விட்டது" என்றார் தம்பி. இருவருக்கும் அந்தச் சண்டை தீரவில்லை.

பெங்களூருக்குப் போன பெட்டி போல உலகத்தில் இன்னும் பல பெட்டிகள் இருக்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் இல்லை என்பதற்குத்தான் அந்த விலை. இந்த டாங்க்குக்கு எந்தச் சேகரிப்பாளரும் நூறு ரூபாய்கூடத் தர மாட்டார். ஆனால், பின்னால் மட்டுமே போகும் இந்த டாங்க் ஒன்றே ஒன்றுதான்.

இப்போது அது கடையில், அண்ணன் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே இருக்கிறது. மோட்டார் கொண்டுவருபவர்கள் கேட்டால், காயில்காரர் பதில் சொல்வதற்குள் அண்ணனே ஸ்விட்சைத் தட்டிவிடுகிறார். விரலுக்கு உணர்ச்சி குறைந்துவிட்டதால் இரண்டு, மூன்று தடவை தட்ட வேண்டியிருக்கிறது. பிறகு, மோட்டார் இல்லாத பெட்டியை வாங்கிவந்த கதையைத் தானே சொல்கிறார். அவரே சிரிக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பேட்டரி போட்ட பழைய பொம்மை ஏதாவது கிடக்கலாம். முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் தகடுகளை அரித்துவிடும். ரப்பர் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் படாமல் தனிக் காகிதத்தில் சுற்றிவையுங்கள். வாங்கித் தந்தவர் இன்னும் இருந்தால், அதை எப்படி வாங்கினார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கதையும் அவர் சொல்லும் கதையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.